நிலைப்படியில் ஒரு பித்தளைக் குமிழ்

என் மனைவியிடம் "சுமார்" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. "சுமாரா பத்து நிமிஷத்துல வர்றேன்" என்றால், "எட்டா, பன்னெண்டா?" என்பாள். கல்யாணமான புதிதில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக இருந்தது. இப்போது எனக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது. போன வாரம் மணல் லாரிக்காரனிடம் "சுமார்னா என்னய்யா அர்த்தம்?" என்று நானே சண்டைக்குப் போனேன்.

அவள் வேலை அப்படி. தண்ணீர் மட்டம் பார்க்கிற ஆபீசில் பதின்மூன்று வருஷமாக இருக்கிறாள். எங்கள் பகுதி பெரிய கால்வாயை விடத் தாழ்வான நிலம். நாலு பக்கமும் கரை, நடுவில் நாங்கள். இங்கே பெய்த மழை தானாக எங்கேயும் போகாது. தெருவோரத்து வாய்க்கால்களில் சேர்ந்து பம்ப் ஹவுசுக்குப் போகும். அங்கே மோட்டார் அதைத் தூக்கிக் கால்வாயில் ஊற்றினால்தான் உண்டு. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் நிற்கலாம் என்று முடிவு செய்வது அவள் ஆபீஸ்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் காலடியில் இருப்பது மண்ணே இல்லை. எப்போதோ செடிகொடி மக்கிச் சேர்ந்த கறுப்புச் சமாச்சாரம். மக்குமண் என்போம். ஈரமாக இருக்கிறவரை சமர்த்தாகக் கிடக்கும். வாய்க்கால் தண்ணீரை இறக்கினால் அது காய்ந்து, காற்றுப் பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமலே போய்விடும். தரை இறங்கும். தரை இறங்கினால் மறுபடி ஓதம் ஏறும். "தண்ணியை இறக்குங்க" என்று ஜனங்கள் ஆபீசுக்குப் போய்க் கத்துவார்கள். அவர்களும் இறக்குவார்கள். தரை மறுபடி இறங்கும். எங்கள் அப்பா காலத்திலிருந்து இதே கூத்துதான்.

வீடுகள் இறங்குவதில்லை. கெட்டி மண் தட்டும்வரை ஆழமாக அடித்த தூண்கள்மேல் அவை நிற்கின்றன. தெருதான் வீட்டை விட்டுவிட்டுக் கீழே போகும். இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் புதிதாக ஒரு படி தேவைப்படும். அங்கேதான் நான் வருகிறேன். நான் கொத்தனார். எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு. முப்பது வீட்டுக்குப் படி கட்டியது இந்தக் கைதான். என் படி பதினைந்து சென்டிமீட்டர். பதினாலும் இல்லை, பதினாறும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம், கால் தடுக்காது. வேறு யாராவது கட்டிய படியில் ஏறிவிட்டு என் படிக்கு வாருங்கள், உங்கள் முழங்காலே வித்தியாசம் சொல்லும்.

நான் படி கட்டுகிறேன், அவள் தரை ஏன் இறங்குகிறது என்று கணக்குப் போடுகிறாள். "உங்கம்மா வியாதியைக் கண்டுபிடிக்கிறா, நான் கட்டுப் போடுறேன்" என்று எங்கள் பெண்ணிடம் சொல்வேன். "வியாதி இருந்தாத்தானேப்பா உங்களுக்கு வேலை" என்பாள் அவள். பதினோரு வயசு. அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

என் மனைவியின் கணக்குக்கு மாடல் என்று பெயர். கம்ப்யூட்டருக்குள் எங்கள் தெருவை முழுசாகக் கட்டி வைத்திருக்கிறாள். எந்த இடத்தில் மக்குமண் எவ்வளவு ஆழம், எந்த வாய்க்கால் எவ்வளவு அகலம், மோட்டார் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தள்ளும், எல்லாம் அதில் உண்டு. மழையைக் கொடுத்தால் தண்ணீர் எந்த வாசலில் எவ்வளவு நிற்கும் என்று சொல்லும். வருஷத்தைக் கொடுத்தால் தரை எவ்வளவு இறங்கும் என்று சொல்லும். "உன் ஊர்ல மழை பெஞ்சா யாருக்கு ஜலதோஷம் பிடிக்கும்?" என்று கேட்டேன் ஒருநாள். "எனக்குத்தான்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவளை நான் முதன்முதலில் பார்த்தது பம்ப் ஹவுஸ் வாசலில். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் மோட்டார் அறைக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது. ஊர்த் தண்ணீரையெல்லாம் வெளியேற்ற வேண்டிய மோட்டார், தானே நனைந்து படுத்துக்கொண்டது. அதற்கடுத்த கோடையில் வாசல் நிலைப்படியை ஒரு படி உயர்த்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். தெருவில் எல்லோருக்கும் அவர் மோட்டார் அண்ணன். பழைய நிலைப்படி ஒரே கல். அதன் வலது ஓரத்தில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருந்தது, கட்டை விரல் அகலத்துக்கு.

"இது என்னண்ணே?"

"ஆபீஸ் சாமான். வருஷா வருஷம் வந்து அது மேல கோலை வச்சு ஏதோ பார்ப்பாங்க. தொலைச்சுடாதே. எடுத்த இடத்துலயே வச்சுடு."

எடுத்த இடத்திலேயே வைத்தேன். எப்படி வைத்தேன் தெரியுமா? குமிழைப் பக்குவமாகப் பெயர்த்து எடுத்தேன். பழைய கல்லில் இருந்த குழியைக் கல்தூள் கலந்த சிமெண்டால் அடைத்துத் தேய்த்தேன். அதன்மேல் புது நிலைப்படி, பதினைந்து சென்டிமீட்டர். அப்புறம் தூக்குக்குண்டு விட்டு, பழைய குழிக்கு நேர் மேலே, முடியிழை பிசகாமல், குமிழைப் பதித்தேன். துணியால் துடைத்து மினுமினுக்க வைத்தேன். வேறு எந்தக் கொத்தனார் அவ்வளவு மெனக்கெட்டிருப்பான்?

அடுத்த வருஷம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அளவெடுக்க வந்தாள். நான் பக்கத்துச் சுவரில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் குனிந்து குமிழைத் தடவிப் பார்த்தாள். "இதை யார் இவ்வளவு சுத்தமா பதிச்சது?" என்று மோட்டார் அண்ணனிடம் கேட்டாள். அவர் கரண்டியும் கையுமாக நின்ற என்னைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பூசிய சுவர் மட்டும் எப்படியோ கோணலாகப் போய்விட்டது. அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம்.

இப்போது நடந்ததுக்கு வருகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஆபீசில் ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் தெருவைக் கைவிட்டுவிடலாம் என்று. நாற்பத்தொரு வீட்டையும் எடுத்துக்கொண்டு, ஜனங்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, தெருவை அப்படியே குளமாக்குவது. பெருமழைத் தண்ணீரை அதில் விட்டால் மற்ற தெருக்கள் தப்பிக்கும். ஏன் எங்கள் தெரு? அதற்கு அவர்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. வருஷா வருஷம் தரை எவ்வளவு இறங்கியது என்ற பட்டியல். எல்லா வருஷமும் அரை சென்டிமீட்டர், முக்கால் சென்டிமீட்டர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு வருஷம் மட்டும் பதினாறு.

அந்தக் கோடை கடுமையான வறட்சி. வாய்க்கால் அடி தெரிந்தது. ஆகவே ஆபீசில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. காய்ந்தது, இறங்கியது, அவ்வளவுதான் என்று எழுதி வைத்துவிட்டார்கள். இன்னொரு வறட்சி வந்தால் இன்னொரு பதினாறு இறங்கும். அப்புறம் எந்த மோட்டாராலும் இந்தத் தெருவைக் காப்பாற்ற முடியாது. இதுதான் அவர்கள் வாதம்.

என் மனைவியின் மாடல் இதை ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு வறட்சியைக் கொடுத்தாலும் அந்த வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்க மாட்டேன் என்று அது அடம் பிடித்தது. வாய்க்கால் தண்ணீரை ஒரு சாண் உயர்த்தி வைத்தால் மக்குமண் ஈரமாகவே இருக்கும், தெரு இன்னும் இரண்டு தலைமுறைக்குத் தாங்கும் என்றது. கடந்த ஆறு வருஷத்துக்கு செயற்கைக்கோள் அளவு இருக்கிறது. அதுவும் மாடல் பக்கம்தான். ஆனால் வறட்சி வருஷத்துக்குச் செயற்கைக்கோள் கிடையாது. பக்கத்திலிருந்த இன்னொரு குமிழ், பாலத்தை அகலப்படுத்தியபோது இடித்த கல்லோடு கல்லாகப் போய்விட்டது. தெருவை அளக்க மிச்சம் பம்ப் ஹவுஸ் குமிழ் ஒன்றுதான்.

தலைமை இன்ஜினியர் கெட்ட மனிதர் இல்லை. கறாரானவர். "பழைய வருஷத்தையே சரியாச் சொல்லாத மாடலம்மா இது. வரப்போற வருஷத்தை எப்படி நம்பறது?" என்று கேட்டாராம். இதை முடிவு செய்கிற கமிட்டி கூடுவதற்கு மூன்று வாரம் தவணை கொடுத்தார்.

"அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் மண்ணோட நம்பரை மாத்திட்டா என்ன? பொருந்திடுமில்ல?" என்று நான் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நீங்க கட்டின சுவர் சாஞ்சிருந்தா, தூக்குக்குண்டைச் சாய்ச்சுப் பிடிப்பீங்களா?"



அவள் வேறு வழி பிடித்தாள். அதற்கு முந்தின மாதம் பெய்த பெருமழையில் தெருவில் தண்ணீர் நின்றதல்லவா? ஒவ்வொரு வீட்டிலும் எந்தப் படி வரை வந்தது என்று கேட்டு, மாடல் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நீல அட்டை நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினாள். ஒவ்வொரு வரியிலும் வீட்டு எண், தண்ணீர் அளவு, சொன்னவர் யார், கடைசிக் கட்டத்தில் நம்பகம். ஒன்று என்றால் கருவி அளந்ததற்குச் சமம். ஐந்து என்றால் காற்றுவாக்கில் வந்தது. சுவரில் கறையைக் காட்டிய டீச்சரம்மாவுக்கு இரண்டு. "கழுத்து வரைக்கும் வந்துச்சு" என்ற தையல்காரருக்கு ஐந்து; அவர் அப்போது உட்கார்ந்திருந்தாராம்.

எங்கள் வீட்டுக்கு என்னைத்தான் கேட்டாள்.

"மூணாவது படியைத் தொட்டுச்சு" என்றேன்.

"தொட்டுச்சா, ஏறிச்சா?"

"கிட்டத்தட்ட தொட்டுச்சு."

ஏதோ எழுதினாள். பிறகு எங்கள் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு நாலு!" என்று வீடு முழுக்கக் கத்தினாள். பதினைந்து வருஷமாகப் படி கட்டுகிறவனுக்கு, அதுவும் சொந்த வீட்டில், நாலு! அன்று முழுக்க நான் என் மனைவியோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்தாளா என்றுகூடத் தெரியவில்லை.

நாலு நாள் கழித்துச் சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"மாடல் தண்ணியைக் கூட்டிச் சொல்லுது. எல்லா வீட்டுலயும். ஏழு வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துருக்கணும்ங்குது. ஒரு வீட்டுக்குள்ளயும் புகல."

"ஜனங்க குறைச்சுச் சொல்றாங்களோ?"

"வெள்ளத்தைக் குறைச்சுச் சொல்ற ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா? அது இல்லீங்க. எல்லா வீட்டுலயும் ஒரே அளவு வித்தியாசம். வாய்க்கால் அளவுகோல் சரியா இருக்கு, மழை சரியா இருக்கு. தரை மட்டும் நாம நினைக்கிறதை விட உயரமா இருக்கற மாதிரி. டீச்சரம்மா வீட்டுல பதினஞ்சு. முனை வீட்டுல பதினஞ்சு. நம்ம வீட்டுல பதினஞ்சு."

"என் படி மாதிரியே இருக்கே" என்றேன் சிரித்துக்கொண்டு.

சொல்லி முடிப்பதற்குள் வாயில் வைத்தது தொண்டையில் நின்றுவிட்டது. பதினைந்து. வறட்சி வருஷம். பதினான்கு வருஷத்துக்கு முந்திய கோடை. பம்ப் ஹவுஸ் நிலைப்படி. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. பெண் எழுந்து வந்து முதுகில் தட்டினாள். "மெதுவாச் சாப்பிடுங்கப்பா."

அன்று நான் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், பயமாக இருந்தது. தெரு முழுக்க என்னை "நம்ம கொத்தனார்" என்று கூப்பிடுகிறார்கள். அவர்களை வீடு வாசலை விட்டுக் கிளப்பப் பார்த்தது என் கை என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள்? அதைவிட இன்னொன்று. அவள் என்னைப் பற்றி முதன்முதலில் சொன்ன நல்ல வார்த்தையே அந்தக் குமிழைப் பற்றித்தான். அதையே தப்பு என்று நான் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுசுக்குப் போனேன். மோட்டார் அண்ணன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குமிழ் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடுத்த இடத்துலயே வைன்னு சொன்னீங்களேண்ணே!"

"வச்சியே. அதுக்கு இப்ப என்ன?"

"மேல வச்சுட்டேன்ணே! ஒரு படி மேல! அது அசையாதுன்னு நம்பி, அதுலயிருந்துதான் தெரு எவ்வளவு கீழ இருக்குன்னு அவங்க அளக்கிறாங்க. குமிழ் ஒசந்தா, அவங்க கணக்குல தெரு இறங்கிடும். இது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் பேப்பரை மடித்தார். "எனக்கு மோட்டார் தெரியும்" என்றார். "உனக்குப் படி தெரியும். இதைத் தெரிஞ்சவங்க ஆபீஸ்ல இருந்தாங்க. நீ கட்டின அன்னிக்கு ஒருத்தனும் வந்து பார்க்கல. என்கிட்ட ஏன்யா எரிஞ்சு விழற?"

நியாயம்தான். அவரிடம் கத்தி என்ன பிரயோஜனம்? நேராக அவள் ஆபீசுக்கே போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மேஜை பக்கம் நான் போனதே இல்லை. சிமெண்ட் ஒட்டிய செருப்போடு போய் நின்றேன். கம்ப்யூட்டர் திரையில் எங்கள் தெரு நீலமாக, தண்ணீருக்குள் கிடந்தது.

"என்னங்க? பாப்பாவுக்கு என்ன?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பதினஞ்சு சென்டிமீட்டர் என்கிட்ட இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். கல், குழி, தூக்குக்குண்டு, துணியால் துடைத்தது உட்பட. முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்! தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தூக்குக்குண்டு வேற விட்டீங்களா?"

"நேரா இருக்கணுமில்ல!"

"கொஞ்சம் கோணலா வச்சிருந்தீங்கன்னா யாராவது ஒருத்தர் சந்தேகப்பட்டிருப்பாங்களே!" என்று மறுபடி சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "பதிமூணு வருஷமா நான் அது மேல கோலை வச்சிருக்கேன். ஒரு தடவையாவது இந்தப் படி எப்பக் கட்டினதுன்னு கேட்டேனா? அழகா இருக்குன்னு பார்த்துட்டு விட்டுட்டேன். நீங்க கொத்தனாருங்க. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியணும்."

அவளைத் திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. "அப்படி ஒண்ணும் கமிட்டியில சொல்ல வேண்டாம்" என்றேன்.

"சொல்லத்தான் சொல்வேன். ஆனா நாம சொன்னா மட்டும் போதாது. நமக்கு அந்தத் தெருவுலதான் வீடு. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து கதை கட்டுறாங்கன்னு சொல்வாங்க. உங்க படிக்குள்ள அந்தப் பழைய கல்லும் குழியும் இருக்கணும். இருக்கா?"

"இருக்காதா பின்ன?"

"அப்ப உடைக்கணும்" என்றாள்.

கமிட்டி கூடுகிற அன்று காலை பத்து மணிக்கு எல்லோரும் பம்ப் ஹவுஸ் வாசலுக்கு வந்தார்கள். தலைமை இன்ஜினியர், கூட இரண்டு ஆபீசர்கள், கையில் பைல். தெருவும் பாதி வந்துவிட்டது. டீச்சரம்மா குடையோடு வந்தார். தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்தார். என் மனைவி முதலில் புது நிலைப்படியின் மேல், குமிழில் கோலை வைத்து அளவெடுத்துக்கொண்டாள். பிறகு விலகி நின்று, "ஆரம்பிங்க" என்றாள்.

சொந்த வேலையை உடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு விரிசல் விடாத படி. உளி எகிறியது. என் வேலை இவ்வளவு கெட்டி என்று ஒரு பக்கம் பெருமை, மறு பக்கம் வியர்வை. முதலில் குமிழைப் பெயர்த்து அவள் கையில் கொடுத்தேன். அரை மணியில் வலது ஓரம் முழுக்கத் திறந்துவிட்டது. கீழே பழைய கல். கரண்டியால் சுரண்டித் துடைத்தேன்.

குழியைக் காணோம்.

மழமழவென்று, சாம்பல் நிறத்தில், ஒரே சீராக இருந்தது கல். ஒரு ஆபீசர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். தலைமை இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "எங்கப்பா குழி?"

அன்று அடைத்தது கல்தூள் கலந்த கலவை. கல்லோடு கல்லாகத் தேய்த்து வைத்தவன் நான். என் சுத்தமே என் கழுத்தை இரண்டாம் தடவையாகப் பிடித்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் பதற்றம் இல்லை. பம்ப் ஹவுஸ் வாசலில் அன்று கரண்டியோடு நின்றவனைப் பார்த்த அதே பார்வை. "நீங்கதானே அடைச்சீங்க" என்றாள். "அதை எப்படிக் காட்டணும்னு உங்களுக்குத் தெரியும்."

சட்டென்று பொறி தட்டியது. "அண்ணே, ஒரு வாளி தண்ணி!" என்றேன்.

மோட்டார் அண்ணன் கொண்டுவந்தார். கல் முழுக்க ஊற்றி நனைத்தேன். "கொஞ்சம் வெயில்ல காயட்டும் சார்" என்றேன். "கல் தண்ணி குடிக்காது. சீக்கிரம் காஞ்சிடும். கலவை குடிக்கும்."

நின்றோம். நல்ல வெயில். டீச்சரம்மா குடையை என் மனைவிக்கும் சேர்த்துப் பிடித்தார். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வந்திருந்த பாதித் தெருவும் அந்த ஈரக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றது. ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. நடுவுக்கு வந்தது. கல் முழுக்க வெளுத்தும் ஒரே ஒரு இடம் மட்டும் வெளுக்கவில்லை. கட்டை விரல் அகலம். வட்டம். கறுப்பாக.

தையல்காரர் விசில் அடித்தார். இன்ஜினியர் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த வட்டத்தை விரலால் தொட்டார். நான் உளியால் இரண்டு தட்டுத் தட்டியதும் அடைப்பு பொலபொலவென்று கொட்டியது. என் மனைவி குமிழை அதில் வைத்துப் பார்த்தாள். உறையில் போட்டது போல இறங்கியது. அதன்மேல் கோலை நிறுத்திக் கருவியில் கண்ணை வைத்தாள். நோட்டில் எழுதினாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"பதினஞ்சு புள்ளி நாலு" என்றாள்.

"பதினஞ்சு!" என்றேன்.

"புள்ளி நாலு."

"என் படி பதினஞ்சுதான். முப்பது வீட்டுல போய் அளந்து பாரு!"

"கலவை கனம் சேர்த்தீங்களா?"

சேர்க்கவில்லை. இன்ஜினியர் சிரித்துவிட்டார். பிறகு பைலைத் திறந்து, அந்தப் பதினாறிலிருந்து பதினைந்து புள்ளி நாலைக் கழித்து, மிச்சத்தை வட்டம் போட்டார். அரை சென்டிமீட்டரும் கொஞ்சமும். மற்ற எல்லா வருஷத்தையும் போல ஒரு வருஷம். "உங்க மாடல் சரியாத்தாம்மா சொல்லியிருக்கு" என்றார். "நாங்கதான் தப்பான இடத்துல இருந்து அளந்திருக்கோம்."

"நான்தான் சார் அளந்தேன்" என்றாள் அவள், சொன்னபடியே. "என் பேரைப் போட்டே எழுதுங்க." அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தெருவைக் குளமாக்கும் பேச்சு அன்றோடு போயிற்று. வாய்க்கால் தண்ணீரை ஒரு சாண் உயர்த்தி நிறுத்த முடிவாயிற்று. கடைசி வீட்டுக்காரர்கள் அடித்தளத்தில் ஓதம் ஏறும் என்று முணுமுணுத்தார்கள். நானே போய்ப் பூசிக் கொடுத்தேன். டீச்சரம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தெருவைப் பதினஞ்சு சென்டிமீட்டர் தூக்கினவர்" என்கிறார். இறக்கியதும் நான்தான் என்பதை நாகரிகமாக விட்டுவிடுகிறார். தரை இனிமேல் இவ்வளவு வேகமாக இறங்காது, ஆகவே படி கட்டக் கூப்பிடுகிறவர்களும் குறைவார்கள். "பொண்டாட்டியே என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டா" என்று டீக்கடையில் சொல்லித் திரிகிறேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குமிழைப் பழைய கல்லிலேயே பதித்துக் கொடுத்தேன். மேலே நிலைப்படியை மறுபடி கட்டி, குமிழ் இருக்கிற ஓரத்தில் மட்டும் கோல் இறங்குகிற அளவுக்கு ஒரு பொந்து விட்டு, சின்ன மூடி போட்டேன். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் குனிந்து தடவிப் பார்த்தாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் அந்த நீல நோட்டு திறந்து கிடந்தது. திறந்து போடுகிற ஆளில்லை அவள். எதையும் மூடித்தான் வைப்பாள். கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி. பம்ப் ஹவுஸ் நிலைப்படி, உயர்த்தியது 15.4. சொன்னவர்: கொத்தனார். நம்பகம் கட்டத்தில் ஒன்று.

சரி, கல்லே சாட்சி சொன்னதால் ஒன்று போட்டிருப்பாள் என்று பக்கத்தை முன்னால் திருப்பினேன். எங்கள் வீட்டு வரி வந்தது. மூன்றாவது படி, கிட்டத்தட்டத் தொட்டது. அங்கேயும் நாலை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில் அவள் கையெழுத்தும் தேதியும் இருந்தன. திருத்தினால் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் ஆபீஸ் விதி.